தாயில்லாக் குஞ்சின் குடல்நலம்



கால்நடை மருத்துவம் பயின்று முடித்த புதிதில், பல்லடத்திற்கு அருகிலுள்ள ஒரு கறிக்கோழிப் பண்ணைக்குச் சென்றிருந்தேன். மூன்று வார வயதுடைய குஞ்சுகள் குருதி கலந்து கழிந்து மாண்டுகொண்டிருந்தன. நான் தீவனத்தையே ஐயுற்றேன். அங்குப் பணிபுரிந்த மூதாட்டி ஒருவர், நீர்க்குழாயின் அடியிலிருந்த உமியை ஒரு கை அள்ளி, "இதைப் பிடித்துப் பாருங்கள், ஐயா" என்றார். பிடித்தேன், களிபோல் உருண்டு நின்றது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

இயற்கையில் கோழிக்குஞ்சு தாயுடன் திரிகின்றது. தாய் கிளறிய மண்ணைக் கொத்தும்போதே, குடலுக்கு நலம் செய்யும் நுண்ணுயிர்களையும் பெற்றுவிடுகின்றது. பொறியில் பொரித்த குஞ்சுக்கு அப்பேறு இல்லை. இக்குறையின் விளைவைப் பின்லாந்து நாட்டு அறிஞர்களாகிய நூர்மியும் ரன்டாலாவும் 1973ஆம் ஆண்டில் விளக்கினர். நலமுள்ள முதிர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதுக்குஞ்சுகளுக்கு ஊட்டினர். அதன் பின்னர் சால்மொனெல்லாக் கிருமி அவற்றின் குடலில் எளிதில் காலூன்ற இயலவில்லை. நல்ல உயிர்கள் முன்னரே குடியேறிவிட்டமையே காரணம்.

தாயில்லாக் குஞ்சுக்கு அந்நுண்ணுயிர்கள் வேறு எங்கிருந்து வரும்? தீவனத்திலிருந்தும், காலடியில் பரப்பிய கூளத்திலிருந்தும் வரும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. தீவனத்தில் உப்போ புரதமோ மிகுந்தால் கோழி மிகுதியாக நீர் பருகும், எச்சம் இளகும், கூளம் நனையும். இரத்தக் கழிச்சலை விளைக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் காற்றும் கூடிய இடத்தில் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பும் வன்மை பெறுகின்றன. கோழியோ கூளத்தையும் கொத்தித் தின்னும் பறவை. ஒட்டுண்ணியால் புண்பட்ட குடலில் குளோஸ்டிரிடியம் என்னும் கிருமி பெருகி, குடற்சுவரையே அழித்துவிடும்.

ஆதலின், கூளத்தின் ஈரம் நூற்றுக்கு 25 பங்கு அளவைத் தாண்டாமல் காத்தல் நன்று. நாள்தோறும் கிளறிவிடுதல் வேண்டும். தானியத்தை மாவாக அரைக்காமல் சற்றுப் பருமனாக உடைத்து இட்டால், இரையை அரைக்கும் தசைப்பை வலுப்பெற்றுச் செரிமானம் சீர்படும்.

இது கோழியின் நலம் மட்டுமன்று. மருந்தையே நம்பிப் பண்ணை நடத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றி மனிதரையும் தாக்கும். எனவேதான், வளர்ச்சிக்காக எதிருயிர் மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கோலிஸ்டின் மருந்து விற்பதை இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் விலக்கியது.

அன்று நோயுற்ற குஞ்சுகளுக்கு மருந்து அளித்தேன். ஆயினும், குழாயைச் செப்பனிட்டு, ஈரக்கூளத்தை அகற்றிப் புதிய உமி பரப்பிய பின்னரே சாவு நின்றது. இன்றும் எப்பண்ணைக்குள் நுழைந்தாலும், முதலில் குனிந்து ஒரு கை உமியை எடுத்துப் பார்க்கின்றேன். அதனைக் கற்பித்தவர் அம்மூதாட்டியே.