நியமனம் என்னும் சிறு சொல்

(தாணேயில் தமிழ்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரதமரின் பொறுப்பும் நியமனமும் என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. தில்லி விவகாரத்தைத் தாணேயில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது என்று உள்ளே நுழையும்போதே ஒரு தோழர் கேட்டார். இருக்கிறது. 2022 ஜூன் 30 அன்று இவ்வூரின் கோப்ரி–பாச்பாக்காடி தொகுதி உறுப்பினர் ஏக்நாத் ஷிண்டே இம்மாநில முதலமைச்சரானார். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது 164ஆவது பிரிவு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். எனவே ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றொன்று உதவும்.

யாரை நியமிக்க வேண்டும் என்று இவ்விரு பிரிவுகளும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அடுத்து வரும் உட்பிரிவு கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். அவையின் நம்பிக்கையைப் பெற்றவரே பிரதமர். குடியரசுத் தலைவரின் கையொப்பம் அந்த நம்பிக்கையைப் பதிவு செய்கிறதேயன்றி உண்டாக்குவதில்லை. அரசமைப்பு அவையில் அம்பேத்கர், அமைச்சரவை என்னும் வளைவுக்குப் பிரதமரை உச்சிக்கல்லாக உவமித்தார். இந்த உவமையைத் தமிழில் பெயர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். உச்சிக்கல் வளைவைப் பிணைப்பது உண்மை; ஆனால் அது அந்தரத்தில் நிற்பதில்லை, பக்கக் கற்கள் தாங்குவதால்தான் நிற்கிறது.

தெளிவான பெரும்பான்மை இருக்கும்போது சிக்கல் எழுவதில்லை. இல்லாதபோதுதான் நியமனம் என்னும் சிறு சொல்லுக்குள் இருக்கும் பெரிய அதிகாரம் தெரியவருகிறது. 1979இல் சரண் சிங்கை நியமித்த சஞ்சீவ ரெட்டி, பெரும்பான்மையை மெய்ப்பிக்கச் சொன்னார். அவர் மக்களவையைச் சந்திக்காமலேயே பதவி விலகினார். ஆயினும் 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமராக நீடித்தார். 1996இல் 161 இடங்கள் பெற்ற பாஜகவின் வாஜ்பாய் அழைக்கப்பட்டார். பதின்மூன்று நாள்களில் அவையின் விவாதமே அந்த ஆட்சியை முடித்து வைத்தது. அவை கூடித் தீர்மானித்தால் பிழையான நியமனமும் இரண்டு வாரத்தில் திருத்தப்பட்டுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த அதிகாரம் யாருக்கு எதிராக முதலில் பயன்பட்டது என்பதைத் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். 1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றவை 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றனர். சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்ற தோழர் பி. ராமமூர்த்தி அவர்களுள் ஒருவர். கம்யூனிஸ்டுகளும் பிற எதிர்க்கட்சியினரும் த. பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, 166 உறுப்பினர்களின் ஆதரவைக் காட்டி ஆட்சியமைக்க உரிமை கோரினர். ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அதை ஏற்கவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, அவரையே முதலமைச்சராகவும் அழைத்தார். ஆக ஒரே மனிதருக்கு இரண்டு நியமனங்கள்; வாக்காளர்களுக்கு எதிலும் பங்கில்லை. ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியாயிற்று. எதிர்க்கட்சியாக வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ராஜாஜி அவையில் பெரும்பான்மை காட்டினார். குடியரசின் முதல் தேர்தலிலேயே, கம்யூனிஸ்டுகளை வாசலில் நிறுத்த ஆளுநர் மாளிகை போதுமானதாயிருந்தது.

இனி மகாராஷ்டிரத்துக்கு வருவோம். 2019 நவம்பர் 12 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 23ஆம் தேதி விடியற்காலை 5.47 மணிக்கு அது விலக்கப்பட்டது. எட்டு மணியளவில் ஃபட்னவிஸ் முதலமைச்சராகப் பதவியேற்றார். விலக்குவதற்கு ஒன்றிய அமைச்சரவை கூடவே இல்லை. அரசுப் பணி நடைமுறை விதிகளில் 12ஆவது விதியின்படி, அவசரமெனில் பிரதமர் மட்டுமே முடிவெடுத்து, பின்னர் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெறலாம். அந்த விதி அன்று பயன்படுத்தப்பட்டது. அப்படி என்ன அவசரம்? பிரதமரின் பொறுப்பு என்ன என்ற கேள்விக்கு அந்த விடியற்காலையே விடை. கூட்டுப் பொறுப்பு என்று சட்டம் சொல்லும் இடத்தில், மற்ற கற்கள் உறங்கிக்கொண்டிருக்க உச்சிக்கல் தனியே முடிவெடுத்தது. உச்சநீதிமன்றம் மறுநாளே அவையில் வெளிப்படையான வாக்கெடுப்பு நடத்தச் சொன்னவுடன், வாக்கெடுப்புக்கு முன்பே ஃபட்னவிஸ் விலகினார்.

2022 ஜூனில் சட்டமன்ற உறுப்பினர்கள் சூரத்துக்கும் குவஹாத்திக்கும் கொண்டு செல்லப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். ஆளுநர் கோஷியாரி வாக்கெடுப்புக்கு ஆணையிட்டார். உத்தவ் தாக்கரே விலகினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2023 மே 11 அன்று, வாக்கெடுப்புக்கு அழைக்க ஆளுநரிடம் உரிய ஆதாரம் இல்லை என்று அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் தாக்கரே தாமாகவே விலகியதால் பழைய நிலையை மீட்க இயலாது என்றும், ஷிண்டேயை அழைத்தது சரியே என்றும் கூறிவிட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சிவசேனைக்காக நாம் ஏன் கண்ணீர் சிந்த வேண்டும் என்று உங்களில் மூத்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1966இல் தோன்றிய அக்கட்சி தென்னிந்தியர்களை விரட்டுவதையே முதல் வேலையாகக் கொண்டிருந்தது. 1970இல் பரேலின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டதையும், அந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனை தன் முதல் சட்டமன்ற உறுப்பினரைப் பெற்றது என்பதையும் நாம் மறக்கவில்லை. கண்ணீர் தாக்கரேக்கு அல்ல. தாராவியிலும் செம்பூரிலும் இங்கேயும் வரிசையில் நின்று நாம் போட்ட வாக்கைப் பற்றியே என் கவலை. 1952இல் நமக்கு எதிராகத் திறந்த அதே கதவுதான் 2022இல் வேறொருவருக்கு எதிராகத் திறந்தது.

இப்போது நியமிப்பதோடு நிற்காமல் நீக்கவும் புதுவழி தேடுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 20 அன்று அமித் ஷா மக்களவையில் 130ஆவது அரசமைப்புத் திருத்த மசோதாவை முன்வைத்தார். ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ 31ஆம் நாளில் பதவியிழப்பார். தீர்ப்பு வேண்டாம், குற்றப்பத்திரிகைகூட வேண்டாம். பிரதமரும் இதில் அடக்கம் என்று பெருமை பேசுகிறார்கள். பிரதமரின் கீழ் இயங்கும் அமைப்புகளில் எது அவரைக் கைது செய்யும்? 2023 ஜூன் 29 அன்று, காவலில் இருந்த அமைச்சர் செந்தில் பாலாஜியை முதலமைச்சரின் பரிந்துரையின்றியே தமிழ்நாட்டு ஆளுநர் நீக்கினார். அன்றிரவே அந்த ஆணையை நிறுத்தி வைக்க நேர்ந்தது. இந்த மசோதா சட்டமானால் அத்தகைய ஆணைக்கே தேவையிராது. நாள்காட்டியே வேலையை முடித்துவிடும்.

மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதன் முழு வாசகத்தையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்; நான்கைந்து பக்கங்களுக்கு மேல் வராது. அடுத்த கூட்டத்தில் படிகள் தருகிறேன். மராத்திப் படியையும் ஒரு தோழர் ஏற்றுக்கொண்டால், வாக்ளே எஸ்டேட் ஆலை வாயில்களில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.