டாக்டரின் களைப்பு

"டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை" என்பது ஓ.பி. வரிசையில் அடிக்கடி கேட்கும் புலம்பல். அவர் தூங்கி எத்தனை மணி நேரமாயிற்று என்று வரிசையில் நிற்பவர் கேட்பதில்லை; கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், மனிதர்களோடே நாள் முழுதும் பழகும் தொழில்களை 1970களில் ஆராய்ந்தார். செவிலியர், சமூகப் பணியாளர், ஆசிரியர் என எல்லோரிடமும் ஒரே அறிகுறிகள்: மனம் வற்றிப்போகிறது, செய்யும் வேலையில் நிறைவில்லை, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் வெறும் 'கேஸ்' ஆகிவிடுகிறார். இதற்கு மருந்தாக மருத்துவருக்கு யோகா வகுப்பு நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் முப்பத்தாறு மணி நேர டியூட்டி முடித்து வருபவருக்கு முதலில் தேவை தூக்கம்.

விமானியிடம் "சேவை மனப்பான்மையோடு இன்னும் ஓர் இரவு ஓட்டுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக உயர்த்தும் விதியை 2024இல் அரசு அறிவித்தது. பயிற்சி மருத்துவர்களுக்கும் விதி உண்டு. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே சொல்லிவிட்டது. பல இடங்களில் அது காகிதத்தோடு சரி.

ஓய்வு கொடுக்க ஆள் வேண்டுமே? இதற்கு ஒரு விடை நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிக்கு 1993இல் வந்தார்கள் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜ், லலிதா. அவர் மயக்க மருந்து நிபுணர், இவர் மகப்பேறு மருத்துவர். மருத்துவமனை ஒரு குடிசை. இருவரே எல்லாம் செய்வதென்றால் சில மாதங்களில் ஓய்ந்திருப்பார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைச் சேர்த்து, ரத்த அழுத்தம் பார்ப்பது முதல் பிரசவம், அறுவை அரங்க உதவி வரை பழக்கினார்கள். கிராமங்களிலும் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கினார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கில் அந்த எண்ணிக்கை இருபதளவுக்கு இறங்கியது. பலன் நோயாளிக்கு என்றுதான் இதைப் பேசுகிறோம். டாக்டரின் தோளிலிருந்து இறங்கிய பாரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மனச்சுமையை இறக்கும் வழியோ சமூகப் பணியாளர்களிடமிருந்து வந்தது. குடும்பச் சிக்கல்களைக் கையாளும் பணியாளர்கள் குழுவாக உட்கார்ந்து, தங்களைத் தொந்தரவு செய்யும் வழக்குகளைப் பேசும் முறையை லண்டனில் எனிட் பாலிண்ட் நடத்திவந்தார். 1950களில் அவரும் கணவர் மைக்கேல் பாலிண்ட்டும் அதைப் பொதுநல மருத்துவர்களுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன மருந்து எழுதினாய் என்பதல்ல அங்கே கேள்வி. இந்த நோயாளி உன்னை ஏன் இப்படிக் கலங்க வைக்கிறார் என்பது. பாலிண்ட் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் கூடுகின்றன.

நம் மருத்துவக் கல்லூரிகளும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். டியூட்டி அட்டவணையைப் போடுபவர்கள் 1992 விதியை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும்.