உணவின் மணமும் குழந்தையின் மனமும்



உண்ண மறுத்தல் வேறு. உண்ண இயலாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலே நம் இல்லங்களிற் குழந்தைகள் பலர் நாள்தோறும் கண்ணீரோடு சோறுண்கின்றனர். பிடிவாதத்தினால் வாயை மூடிக்கொள்ளும் குழந்தையைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கின்றோம். மீன் ஆணம் கொதிக்கும் மணம் எழுந்த மாத்திரத்தே முகம் வெளிறி, கண்ணில் நீர் தளும்ப ஓங்காளிக்கும் குழந்தையைப் பற்றி அத்துணை பேசியதில்லை. இன்று அக்குழந்தையின் சார்பிலே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

எங்கள் வீரமுனை வயல் சூழ்ந்த ஊர். ஆயினும் கடல் தொலைவில் இல்லை. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளில் விடியலில் இறங்கும் மீன், வெயில் ஏறுமுன் எங்கள் தெருக்களுக்கு வந்துவிடும். இப்பகுதியிலே தமிழர் இல்லமாயினும் முஸ்லிம் இல்லமாயினும் மீனும் கருவாடும் அறியாத அடுக்களை அரிது. ஆகவே அம்மணத்தைத் தாங்காத குழந்தை வீட்டாருக்கு ஒரு புதிராகிவிடுகின்றது. "எல்லாரும் உண்பதை இவன் மட்டும் ஏன் அருவருக்கின்றான்?" என்று பாட்டி கேட்கின்றாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஒரு முட்டை வாங்குவதற்கும் இருமுறை எண்ணிய தாய்மாரை நாம் அறிவோம். அவ்வாறு அரிதிற் பெற்றதைக் குழந்தை துப்பும்போது தாய்க்குச் சினம் எழுவது இயல்பே. ஆயின் சினம் குமட்டலை ஆற்றுவதில்லை, வளர்க்கின்றது.

இது ஏன் என ஆராய்வோம். நாம் சுவை என்று சொல்வதிற் பெரும்பகுதி மணமே. தடிமன் பிடித்த நாளிலே நல்ல கறியும் சப்பென்றிருப்பதை எவரும் அறிவர். வாயில் இட்ட உணவின் மணம் தொண்டையின் பின்வழியே மூக்கை எட்டுகின்றது. மணத்தை உணரும் வாங்கிகளின் மரபணுக்களை 1991ஆம் ஆண்டில் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்தனர். அதற்காக 2004இல் நோபெல் பரிசும் பெற்றனர். மனிதரிடத்தே அவ்வாங்கிகள் ஏறத்தாழ 400 வகையின. அவை எல்லாரிடத்தும் ஒரே தன்மையின அல்ல. எனவே ஒரே சட்டியின் மணம் அண்ணனுக்குப் பசியையும் தம்பிக்குக் குமட்டலையும் தருமாயின், தம்பி நடிக்கின்றான் என்று கொள்ளல் தகாது.

ஓங்காளம் என்பது உடல் தனக்கெனக் கட்டிய காவல். ஏறக்குறைய இரண்டு வயதிலே குழந்தைகள் புதிய உணவைக் கண்டு அஞ்சத் தொடங்குவதும் அத்தகையதே. நடக்கப் பழகி, கண்டதையெல்லாம் எடுத்து வாயிலிடும் பருவத்திலே அவ்வச்சம் நஞ்சினின்று காப்பதற்கென அமைந்தது என ஆய்வாளர் கருதுவர். பெரும்பாலான குழந்தைகளிடத்தே அது வளர வளரத் தணியும்.

இக்காவலைத் தவறாகப் பழக்கிவிடவும் கூடும். ஜோன் கார்சியா என்பார் 1955ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இனிப்பு நீரைக் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சினால் நோயுண்டாக்கியபோது, அவை பின்னர் அவ்வினிப்பையே வெறுத்தன. நோயும் சுவையும் ஒருமுறை இணைந்தால் எளிதில் பிரிவதில்லை. காய்ச்சலில் வாந்தியெடுத்த நாளில் உண்ட கறியை ஆண்டுக்கணக்கில் ஒதுக்குவோர் நம்மிடையே இல்லையா? மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, கவளத்தைத் திணிக்குமிடத்து மீனோடு அச்சமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தே மனத்திற் பதிகின்றன. புரைக்கேறி உணவு மூச்சுக்குழலிற் புகின் உயிருக்கே இடராம். ஆதலின் திணித்தலை அறவே விடுக.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, மணத்தைக் குறைத்தல். பிடித்த கடல்மீன் நேரஞ்செல்லச் செல்ல, நுண்ணுயிர்களால் அதனுள் தோன்றும் ஒருவகை அமைனே வெடுக்கு மணத்துக்குக் காரணம். தேசிக்காய்ச் சாறோ பழப்புளியோ சேரும்போது அது புளிப்போடு கூடி ஆவியாகாத உப்பாகிவிடும். நம் பாட்டிமார் மீனுக்குப் புளியிட்டது வெறுஞ் சுவைக்காக மட்டுமன்று. முட்டையை மிகுதியாக அவித்தால் கந்தக மணம் பெருகும்; அளவோடு அவித்தல் நன்று. சூடான உணவினின்று மணம் மிகுதியாக எழும், ஆறவிட்டுக் கொடுக்கலாம். சமைக்கும் வேளையிற் குழந்தையை முற்றத்துக்கு அனுப்புதலும் பயன்தரும்.

இரண்டாவது, பொறுமை. புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்பதற்கு 8 முதல் 15 தடவைகள் வரை வேண்டியிருக்கலாம் என்பர். நாமோ மூன்றாம் நாளிலேயே கைவிடுகின்றோம், அல்லது கையோங்குகின்றோம். உணவு தட்டின் ஓரத்தில் இருக்கட்டும். முதலிற் பார்க்கட்டும், பின்பு தொடட்டும், பின்பு நாவில் வைத்துத் துப்பினும் துப்பட்டும். அதுவும் ஒரு படியேறியதாகும். தாய்மார் கருவுற்றும் பாலூட்டியும் இருக்குங் காலத்திற் கரட் சாறு அருந்தினால், பின்னர் அவர்தம் குழந்தைகள் அச்சுவையை எளிதில் ஏற்றன என்று ஜூலி மெனெல்லாவும் உடன் ஆய்வாளரும் 2001இல் எழுதினர். பழக்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்குகின்றது. அதனைப் பகைமையாக்காமல் இருப்பதே நம் கடமை.

மூன்றாவது, மாற்று உணவு. மீன் செல்லாத குழந்தைக்குப் பயறும் கௌபியும் பருப்பும் பாலும் உண்டு. திரிபோஷா மாவின் மணம் ஒவ்வாத பிள்ளைக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் கூட்டி உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கலாம்.

இனிப் பாடசாலைக்கு வருவோம். பல இல்லத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் அமர்ந்து உண்ணுமிடம் அது. பக்கத்துப் பிள்ளையின் கருவாட்டு மணத்தால் ஒருவன் மூக்கைப் பொத்துகின்றான். மற்றவன் நாணித் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடுகின்றான். அங்கே ஆசிரியருக்குக் கடமை இரண்டு. குமட்டுபவனைக் கேலியினின்று காத்தல் ஒன்று. அவனை அமைதியாகச் சற்று விலக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்த்தினாற் போதும். பிறனுடைய உணவைச் "சீ" என்று சொல்லாதிருக்கக் கற்பித்தல் மற்றொன்று. "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று சொல்வது நேர்மை. "உன் உணவு நாறுகின்றது" என்பது பழிப்பு. உணவைப் பழிப்பவன் ஈற்றில் உண்பவனையே பழிப்பான். பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் எம் பகுதியிலே இவ்வேறுபாட்டைச் சிறுவயதிலேயே உணர்த்துதல் வேண்டும்.

எல்லாக் குமட்டலும் தானே தீரும் என்று இருந்துவிடலும் ஆகாது. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு தாழ்ந்தாலும், உண்ணும் உணவுகள் நாளுக்குநாள் குறைந்து இரண்டு மூன்றாகச் சுருங்கினாலும், விழுங்குதற்கே அஞ்சினாலும், அடிக்கடி வாந்தியெடுத்தாலும் பொதுச் சுகாதார மருத்துவமாதிடமும் வைத்தியரிடமும் காட்டுதல் அவசியம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு மணவுணர்வு மிகக் கூர்மையானது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூலிலே, இத்தகைய கடும் உணவுத் தவிர்ப்பு ஒரு தனிக் கோளாறாகவே வகுக்கப்பட்டுள்ளது. அது வளர்ப்பின் குற்றமும் அன்று. பிள்ளையின் குற்றமும் அன்று.

தாய்மாரே, தந்தைமாரே, ஒரு கவளம் குறைந்ததனால் ஒரு பிள்ளை மெலிந்துவிடாது. உணவு வேளையை அஞ்சும் பிள்ளையோ, நிறைந்த தட்டின் முன்னும் பட்டினி கிடக்கும். இன்றிரவு உங்கள் குழந்தை தட்டைத் தள்ளுமாயின், அடிக்க எழுங் கையைத் தாழ்த்தி, "எந்த மணம் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை கூற அதற்குத் தெரியும். கேட்பதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவே.