நோட்டீசில் போடுவது நாம் கொடுக்கும் வாக்கு

(இந்த வருட சிறுதானியச் சமையல் போட்டி பற்றிய செயற்குழுக் கூட்டத்தில், போட்டிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. எல்லாக் குழுக்களிலும் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆனதால் இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம், "போட்டிக்கு விளம்பரம் எப்படிச் செய்வது?" என்பது. போன கூட்டத்தில் நிறைய பேர், "விளம்பரம் போதவில்லை, பெரிய பேனர் வைக்கணும், ஆட்டோவில் மைக் கட்டணும்" என்று சொன்னீங்க. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், முதல் வருடம் என்ன நடந்தது என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்கணும். மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் பேசித்தான் ஆகணும்.

முதல் வருடப் போட்டிக்குக் கூட்டமைப்பு ஒதுக்கியது 9,000 ரூபாய். அதில் மூன்று பேனருக்கே 4,500 போச்சு. பரிசுக்கு 2,500. மீதி பந்தலுக்கும் டீக்கும் சரியாப் போச்சு. பேனரில் யார் படம் இருந்தது? விருந்தினர்கள் படம். சமைக்கிற பெண்கள் படம் ஒன்றுகூட இல்லை. மேலே பெரிய எழுத்தில் "அனைவரும் வருக" என்று போட்டோம். ஆனால் என்ன சமைக்கணும், மளிகைச் செலவு யாருடையது, எத்தனை மணிக்குள் வரணும் என்று ஒரு வரி இல்லை. முந்திரியும் நெய்யும் வாங்க வசதி இருந்தவங்க வந்தாங்க. மொத்தம் 11 பேர்.

அந்தப் பதினொரு பேரில் காலனித் தெருக் குழுவிலிருந்து ஒரே ஒரு அக்கா வந்தாங்க. ராகிக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் செய்து, வாழை இலை போட்டு மூடிக் கொண்டு வந்தாங்க. ருசி பார்க்க வந்த விருந்தினர் முதல் நாலு பேர் சமையலைச் சாப்பிட்டார். ஐந்தாவதா அந்த அக்கா முன்னால் நின்று, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். பதில் வந்ததும், "வயிறு நிறைஞ்சு போச்சும்மா" என்று சொல்லி நகர்ந்தார். ஆறாவது தட்டில் கை வைத்தார். ஏழாவதிலும் வைத்தார்.

நாம எல்லாரும் பார்த்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த அக்கா சட்டியை மறுபடி இலை போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் குழு வரவில்லை. கூட்டமைப்பிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று தீர்மானமே எழுதி வைத்திருந்தாங்க. நானும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். அவங்க திட்டவில்லை. "அனைவரும் வருகன்னு நீங்கதானே எழுதினீங்க? அதை நம்பித்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னாங்க.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விளம்பரம் என்பது துணியும் மையும் இல்லை. அது நாம கொடுக்கிற வாக்கு. காப்பாற்ற முடியாத வாக்கை எத்தனை பெரிய எழுத்தில் போட்டால் என்ன? அதனால் முதலில் போட்டியைச் சரி செய்வோம், பிறகு ஊருக்குச் சொல்வோம் என்று முடிவு செய்தோம்.

தட்டுக்கு எண், பெயர் இல்லை

போன வருடம் தட்டில் எண் ஒட்டும் முறை கொண்டுவந்தோம். ஒரே எண் போட்ட இரண்டு சீட்டு. ஒன்று தட்டுக்கு அடியில், இன்னொன்று சமைத்தவர் கையில். எல்லாம் ஒரே மாதிரி தட்டு. ருசி பார்ப்பவர்கள் பள்ளிக்கூட அறைக்குள் உட்கார்ந்திருந்தாங்க, சமைத்தவங்க வெளியே. யார் சமைத்தது, எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்று உள்ளே இருப்பவங்களுக்குத் தெரியாது. வந்த தட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டே ஆகணும். அதற்குச் சம்மதம் சொன்னவங்களை மட்டும்தான் நடுவராக்கினோம்.

இது நாம புதுசாக் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் கன்சாஸ் நகரில் 1985ல் ஆரம்பித்த ஒரு சங்கம், நெருப்பில் இறைச்சி வாட்டுகிற சமையல் போட்டிகளை நடத்துகிறது. அங்கேயும் தன்னார்வமாக வேலை செய்கிறவங்கதான் அதிகம். ஒரு மேசைக்கு ஆறு நடுவர். உணவு ஒரே மாதிரிப் பெட்டியில் எண்ணோடு வரும். பெட்டிக்குள் அடையாளமா ஏதாவது வைத்திருந்தால் அது தள்ளுபடி. ஆறு பேர் போடுகிற மார்க்கில் ஆகக் குறைந்ததைக் கழித்துவிடுவாங்க. ஒருத்தருக்குப் பிடிக்காமல் போனதால் நல்ல சமையல் தோற்கக்கூடாது இல்லையா? போன வருடம் நமக்கு மூன்று நடுவர்தான் கிடைத்தாங்க. இந்த வருடம் ஆறு பேர் வைத்தால் நாமும் அப்படிக் கழிக்கலாம்.

இந்த முறையைத்தான் நோட்டீசில் முதல் வரியா, "தட்டில் எண் மட்டும், பெயர் இல்லை, எல்லாத் தட்டும் ருசி பார்க்கப்படும்" என்று போட்டோம். பேனர் ஒன்றுகூட வைக்கவில்லை. 26 பேர் வந்தாங்க. காலனித் தெருவிலிருந்து நாலு பேர்.

யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது

"வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாச்சு, எல்லாருக்கும் தெரியும்" என்று இருந்துவிடாதீங்க. என் குழுவில் 14 பேர். அந்த போனைத் தன் கையில் வைத்திருப்பவங்க ஐந்து பேர்தான். மற்றவங்களுக்கு வீட்டுக்காரர் போன், இல்லை மகன் போன். அவங்க சொன்னால்தான் சேதி.

தண்டோரா போடலாமா என்று ஒருத்தர் கேட்டாங்க. வேண்டாம். அது ஒரு சமூகத்து ஆட்கள் தலையில் கட்டி வைத்த வேலை. தமிழக அரசே 2022ல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பேனரும் அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது. 2019ல் சென்னை பள்ளிக்கரணையில் வண்டியில் போன ஒரு இளம்பெண் மேல் பேனர் விழுந்து, அந்தப் பிள்ளை உயிரே போச்சு. மைக் கட்டுவதற்கும் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கணும்.

நமக்குக் கைவந்தது ஆளுக்கு ஆள் சொல்வதுதான். தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுத் திட்டம் முதலில் வந்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989ல், ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. எங்க அம்மா பேனரைப் பார்த்துக் குழுவில் சேரவில்லை. பக்கத்துத் தெரு அத்தை வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னதால் சேர்ந்தாங்க. அதே மாதிரி போட்டிக்கு மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் நோட்டீசை வாசித்து, சந்தேகம் கேட்டுப் பதில் சொல்லணும். பால் சொசைட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி மூன்று இடத்திலும் ஒட்டணும். மலை ஊர்களுக்குக் கடைசியாப் போகிறோம். இந்த வருடம் அங்கேதான் முதலில் போகணும். சாமை சமைக்க அவங்களைவிடத் தெரிஞ்சவங்க யார்?

நோட்டீசில் இருக்க வேண்டியவை

1. நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். கடைசி பஸ்ஸுக்கு முன் முடியணும்.
2. என்ன சமைக்கணும்: ராகி, கம்பு, சாமை, தினை, வரகு, குதிரைவாலி இதில் ஏதாவது ஒன்று.
3. செலவு: அரைக் கிலோ தானியம் கூட்டமைப்பு தரும். மற்ற சாமான் 100 ரூபாய்க்குள். நெய், முந்திரிக்குத் தனி மார்க் கிடையாது.
4. மார்க் எப்படி: ருசிக்கு எத்தனை, சத்துக்கு எத்தனை, செலவுச் சிக்கனத்துக்கு எத்தனை என்று முன்கூட்டியே.
5. நடுவர்கள் யார். போட்டியாளருக்குச் சொந்தக்காரர் நடுவராக இருக்க முடியாது.
6. பரிசு என்ன. கைக்கு வந்து சேர்ந்த பரிசு மட்டும்.

கடைசி வரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? முதல் வருடம் ஒரு கடைக்காரர் கிரைண்டர் தருகிறேன் என்றார். நாமும் "முதல் பரிசு கிரைண்டர்" என்று அச்சடித்தோம். கிரைண்டர் வரவே இல்லை. ஜெயித்த அம்மா ஆறு மாசம் நம்மளைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைக்காரரை யாரும் கேட்கவில்லை. கெட்ட பெயர் நமக்குத்தான்.

கம்பெனி உதவியும் விருந்தினரும்

இந்த வருடம் ஒரு மசாலாக் கம்பெனி 5,000 ரூபாய் தருகிறோம் என்கிறாங்க. எல்லாரும் அவங்க பொடியைத்தான் போடணும், பெயரை மேலே பெரிசாப் போடணும் என்று கேட்கிறாங்க. என் கருத்து: பணம் கொடுத்தால் ரசீது போட்டு வாங்கிக்கொள்வோம். நோட்டீசின் கீழே, மற்ற உதவியாளர்கள் பெயரோடு அதே அளவு எழுத்தில் நன்றி போடுவோம். ஆனால் எந்தப் பொடி போடுவது, யார் ஜெயிப்பது என்பதில் அவங்களுக்குப் பேச்சு கிடையாது. அம்மியில் அரைக்கிறவளைப் பொடி வாங்கச் சொன்னால், அது யாருடைய போட்டி? சம்மதம் இல்லையென்றால் அந்தப் பணம் வேண்டாம்.

விருந்தினர் வரட்டும், வரவேற்போம், பரிசு கொடுக்கட்டும். மார்க் போடுவது அவங்க வேலை இல்லை. அவங்களுக்காக நேரத்தைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். களி ஆறிப்போனால் யாருக்கு நஷ்டம்?

வேலையைப் பிரிப்பது

நாம யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை. கூலி வேலை, மாடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் செய்கிறோம். "நான் பார்த்துக்கிறேன்" என்று ஐந்து பேர் சொன்னால், ஒருத்தரும் பார்க்கமாட்டோம். அதனால் தீர்மான நோட்டில் வேலை, பெயர், தேதி எழுதணும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். ஒருத்தருக்கு முடியாமல் போனால் இன்னொருத்தர். செல்போன் தெரிந்த பிள்ளை தலையில் எல்லாவற்றையும் கட்டாதீங்க. போட்டோ எடுத்தால் கேட்டு எடுங்க, கேட்டுப் போடுங்க.

போட்டி முடிந்ததோடு விளம்பரமும் முடிந்துவிடாது. அன்றைக்கே எல்லா எண்ணுக்கும் மார்க்கை வாசிக்கணும். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு சொல்லணும். ஜெயிக்காதவங்க செய்முறையையும் அவங்க சம்மதத்தோடு, அவங்க பெயரிலேயே இந்த இதழில் போடணும். இதையெல்லாம் பார்த்துத்தான், அடுத்த வருடம் வரலாமா என்று ஒவ்வொருத்தரும் முடிவு செய்வாங்க.

கடைசியா ஒன்று. போன வருடம் வந்த அந்த நாலு பேரில், களி கொண்டுவந்த அக்கா இல்லை. அவங்க மருமகள் வந்தாங்க. இரண்டாம் பரிசும் வாங்கினாங்க. போன வாரம் அந்த அக்காவை வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். முதல் வருடம் நான் வாயை மூடிக்கிட்டு நின்றதுக்கு மன்னிப்புக் கேட்டேன். இந்த வருடம் நீங்க வரணும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மருமக வந்து எல்லாம் சொன்னா. எல்லாத் தட்டையும் சாப்பிட்டாங்களாமே. பார்ப்போம்" என்றாங்க.

அந்த "பார்ப்போம்" என்ற சொல்லுக்கு நாம என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்த வருடப் போட்டி. நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் கூட்டத்தில் வாசியுங்க. இதில் நம்மால் செய்ய முடியாத வரி ஏதாவது இருந்தால் இப்பவே அடித்துவிடுங்க.