சுற்றமும் குருதியும்



உறவினரைத் தமிழ் 'சுற்றம்' என்கிறது. சூழ்ந்திருப்போர் என்பது பொருள். உறவு அண்மையால் அமைவதா, குருதியால் அமைவதா?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப் புல்வெளிகளில் பெல்டிங் தரையணில்கள் வாழ்கின்றன. பகைவிலங்கு வரக் கண்டால் எழுந்து நின்று கூவும். கூவிய அணிலே இரையாவதும் உண்டு. அங்ஙனம் மிகுதியாகக் கூவுவன, அருகில் தாயோ மகளோ தமக்கை தங்கையரோ வாழும் பெட்டைகளே என்று பால் ஷெர்மன் 1977இல் காட்டினார். கடுவன்களோ பிறந்த இடம்விட்டுப் பெயர்வன. அவை அத்துணைக் கூவுவதில்லை.

உறவை எங்ஙனம் அறிகின்றன? ஒரே வளையில் வளர்ந்தவற்றை, அவை பிறர் குட்டிகளேயாயினும், உடன்பிறப்பாகவே கொள்கின்றன. இதுவரை 'சுற்றம்' என்னும் சொல் செம்மையாகப் பொருந்துகிறது. ஆனால் தாய் பல கடுவன்களோடு கூடுவதால் ஓர் ஈற்றிலேயே தந்தை வேறான குட்டிகள் உண்டு. தந்தையும் ஒன்றான பெட்டைகள், தந்தை வேறானவற்றைவிடத் தமக்குள் குறைவாகவே சண்டையிட்டதை ஷெர்மனும் வாரன் ஹோம்ஸும் 1982இல் எழுதினர். வளையும் ஒன்று, பாலும் ஒன்று, வேறுபடுத்தியது எது? தன் உடல்மணத்தோடு பிறிதின் மணத்தை ஒப்பிட்டறிகின்றது என்பது பின்வந்தோர் விளக்கம். தன்னையே அளவுகோலாகக் கொள்ளும் சிற்றுயிர்!

மூக்கில்லாச் செடிக்கு வழி யாது? கனடாவில் சூசன் டட்லியும் அமாண்டா ஃபைலும் 'சீ ராக்கெட்' என்னும் கடுகினக் கரைச்செடியை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். ஒரே தொட்டியில் அயற்செடிகளோடு வளர்ந்தவை வேரை மிகப் பெருக்கின. உடன்பிறப்புகளோடு வளர்ந்தவை அங்ஙனம் பெருக்கவில்லை. இது உறவறிதல்தானா என ஐயுறும் அறிஞரும் உளர். ஆயினும் வேர்கள் ஒரே மண்ணைப் பகிர்ந்தபோதுதான் அவ்வேறுபாடு தோன்றிற்று.