சொல்லுக்குள் இருக்கும் கணக்கு



மொழியியல் பயின்ற நாம் இயற்பியலைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ‘வேகம்’ என்று கற்ற மாணவர் இடைநிலைப்பள்ளியில் ‘லாஜு’ என்னும் மலாய்ச் சொல்லைச் சந்திக்கின்றனர். அடுத்து ‘ஹலாஜு’ வருகின்றது. இரண்டும் ஒன்றெனக் கொண்ட மாணவருக்கு அதன்பின் வரும் வாய்பாடுகள் யாவும் வெற்றெழுத்துகளே.

மலாயில் ‘ஹாலா’ என்பது திசை. அதனை ‘லாஜு’வுடன் இணைத்தே ‘ஹலாஜு’ ஆக்கப்பட்டது. நம் ‘திசைவேகம்’ என்பதும் அதே அமைப்பினதே. 400 மீட்டர் ஓடுதளத்தை ஒருவர் 80 நொடியில் சுற்றிப் புறப்பட்ட இடத்தையே அடைகிறார் எனக் கொள்வோம். கடந்த தொலைவு 400 மீட்டர். சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டர். இடம் பெயரவில்லையாதலின் இடப்பெயர்ச்சி சுழியம். சராசரித் திசைவேகமும் சுழியமே. வியர்க்க ஓடியவரிடம் இதனைச் சொன்னால் சினம் கொள்ளக்கூடும்! ஆயினும் ‘இடப்பெயர்ச்சி’ என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டினால் விடை தானே விளங்கும்.

‘சராசரி’ தமிழ்ச் சொல்லன்று. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. அங்கே ‘சராசர்’ என்பதற்கு ஒரு முனை முதல் மறுமுனை வரை என்பது பொருள். 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? 50 என்று விரைந்து விடை சொல்வோர் பலர். செல்ல 2 மணி, திரும்ப 3 மணி. மொத்தம் 240 கிலோமீட்டரை 5 மணியால் வகுத்தால் 48. மெதுவாகச் சென்ற நேரம் மிகுதியாதலின் விடை 50-க்குக் கீழே இறங்குகிறது. முனை முதல் முனை வரை பயணத்தை முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது.

நமக்கு மிகவும் உவப்பான சொல் ‘முடுக்கம்’. முடுகுதல் விரைதல், முடுக்குதல் விரையச் செய்தல். திருப்புகழ் ஓதுவோர் ‘முடுகு’ என்னும் விரைநடையை அறிவர். மலாயில் இதற்குரிய ‘பெச்சுத்தான்’ என்பதன் வேர் சாட்டையைக் குறிக்கும். மாட்டை முடுக்குபவரின் கையிலும் சாட்டைதானே! நேர்ப்பாதையில் மாறாத வேகத்தில் விரையும் ரயிலுக்கு முடுக்கம் இல்லை. நிலையத்திலிருந்து புறப்பட்டு 20 நொடியில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை அது சீராக எட்டினால், ஒவ்வொரு நொடியும் 1 மீட்டர் வேகம் கூடுகிறது. சராசரி 10 மீட்டர். 20 நொடியில் கடந்தது 200 மீட்டர். ‘சீராக’ என்பதை விட்டுவிட்டால் இக்கணக்கு நில்லாது. தொடக்கத்திலேயே விரைந்து பின் தணிந்த ரயில் 200 மீட்டருக்கும் மேல் சென்றிருக்கும்.

ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் ‘கதி’ என்பதே நம் வேகம், அங்கே ‘வேகம்’ என்றால் திசைவேகம், முடுக்கம் ‘ஆர்முடுகல்’. அந்நூல்களிலிருந்து பயிற்சி வினாக்களை எடுப்போர், வகுப்பில் தருமுன் சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.