கடல் கடந்து வரும் பாடம்



அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகையில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். ஆதலின், புதியதொரு தொழிலைக் கற்க விரும்பிய இளைஞர் பலர் வீட்டையும் தீவையும் விட்டே புறப்பட வேண்டியிருந்தது. இணையமும் செயற்கைக்கோள் வழியாகச் சிறிதளவே கிட்டியது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் இந்நிலை மாறத் தொடங்கிற்று. சென்னையையும், அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் அன்றுதான் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். ஸ்வராஜ் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய இடங்களுக்கும் அது செல்கிறது. இன்று பாடம் கடலைக் கடந்து மாணவனிடம் வருகிறது. ஆனால் பாடம் வந்துவிட்டால் கல்வி வந்துவிடுமா? இவ்வினாவை ஒரு தொழிலைக் கொண்டு ஆராய்வோம்.

இணையப்பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதியை அமைப்பதே அத்தொழில். இதற்கு மூன்று மொழிகள் வேண்டும். பக்கத்தின் உறுப்புகளை வகுத்துக் காட்டுவது எச்.டி.எம்.எல். அவற்றுக்கு நிறமும் அளவும் இடமும் தருவது சி.எஸ்.எஸ். தொட்டால் இயங்கச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். இவற்றை எழுத ஓர் எளிய எழுது கருவியும், பார்க்க ஓர் உலாவியும் உள்ள பழைய கணினியே போதும். எழுதிப் பார்க்கும் வேளையில் இணையத் தொடர்பு இருக்க வேண்டுமென்பதும் இல்லை. தொடர்பு அடிக்கடி அறுபடும் சிற்றூரில் வாழ்வோர்க்கு இது பெரியதொரு நன்மை.

கற்பதற்கு வழிகள் பல உள்ளன. 2014ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஃப்ரீகோட்கேம்ப் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. பயில்வோர் தாமே பக்கங்களைப் படைத்துக் காட்டினால்தான் சான்றிதழ் தருகிறது. 2017இல் இந்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், பத்து நிமிட அளவுள்ள கணினிப் பாடங்கள் பலவற்றைத் தமிழிலும் வழங்குகிறது. அதன் கற்பிக்கும் முறை கருதத்தக்கது. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓட வேண்டும். மறுபாதியில் மாணவன் உடனுக்குடன் அதைச் செய்து பார்க்க வேண்டும்.

இம்முறையிலேயே முன்னர்க் கேட்ட வினாவுக்கு விடை இருக்கிறது. நாற்பது மணி நேரப் பாடங்களைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, வெற்றுப் பக்கத்தின் முன் அமர்ந்து ஒரு வரியும் எழுத இயலாமல் திகைப்போர் பலர். ஆசிரியர் செய்யும்போது எல்லாம் எளிதாகவே தோன்றும். நீச்சலைக் கரையிலிருந்து கற்றவர் எவரும் இல்லை. ஒரு மணி நேரம் பாடம் கேட்டால் இரண்டு மணி நேரம் எழுதிப் பார்த்தல் வேண்டும். கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று வந்துள்ளன. அவை தருவது சரியா தவறா என்று அறியும் கண் தன் கையால் எழுதியவனுக்கே வாய்க்கும். எனவே முதலில் தாமே முயல்க. பின்னர் அவற்றைக் கேட்க.

எதை எழுதுவது? அயலார் பாடத்தில் வரும் உணவு விடுதிப் பக்கத்தை அப்படியே படியெடுக்க வேண்டுவதில்லை. ஸ்ரீ விஜயபுரத்தின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து பிற தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களின் அட்டவணையைத் தமிழில் அமைத்துப் பாருங்கள். நாள், நேரம், துறை எனப் பத்திகள் வகுப்பது முதற்படி. சிறிய கைப்பேசித் திரையிலும் அட்டவணை சிதையாமல் நிற்கச் செய்வது இரண்டாம் படி. தீவின் பெயரைத் தொட்டால் அத்தீவுக்குரிய கப்பல்கள் மட்டும் தோன்றச் செய்வது மூன்றாம் படி. மூன்று மொழிகளும் இந்த ஒரு பயிற்சியில் அடங்கிவிடும்.

தமிழில் எழுதும்போது ஆங்கிலப் பாடங்கள் சொல்லாத சில சிக்கல்கள் எதிர்ப்படும். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆதலின் வரிகளுக்கு இடையே சற்று மிகுதியான இடைவெளி வேண்டும். நம் சொற்கள் புணர்ந்து நீள்வன. குறுகிய திரையில் அவை ஓரத்தைத் தாண்டி ஓடும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் என்று நாம் எண்ணுகிறோம். ஜாவாஸ்கிரிப்டின் நீள அளவையோ ஐந்து என்று சொல்லும். ‘மி’ என்பதை மகரமும் இகரக் குறியும் எனவும், ‘ழ்’ என்பதை ழகரமும் புள்ளியும் எனவும் யூனிகோடு முறை பிரித்து வைத்திருப்பதே காரணம். பெயர் இத்தனை எழுத்துக்குள் இருத்தல் வேண்டும் என்று விதிக்கும் விண்ணப்பப் பக்கம், இதனை அறியாதார் கையில் உருவானால், தமிழ்ப் பெயரைத் தவறென்று தள்ளிவிடும். இதைக் கண்டு திருத்தும் வாய்ப்பு நம் மொழியை அறிந்தவருக்கே மிகுதி.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இது சிறப்பாகச் சொல்லத்தக்கது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழியில் பயிலலாம். தமிழை வீட்டில் மட்டுமே கேட்கலாம். பாட்டி சொன்ன சமையற்குறிப்பையோ, ஊர்த் திருவிழாவின் நிகழ்ச்சி நிரலையோ ஒரு பக்கமாக அமைக்கச் சொல்லுங்கள். தொழிலும் வளரும், தமிழெழுத்தும் கைப்படும்.

பெருங்கட்டணம் கேட்டு உடனே வேலை தருவதாகக் கூறுவோரிடம் பணம் செலுத்துமுன், கட்டணமில்லாப் பாடங்களில் மூன்று திங்கள் பயின்று பார்த்தல் நன்று. ஆர்வம் நிலைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். வேலை தருவோர் சான்றிதழைக் காண்பதோடு அமைவதில்லை. செய்து காட்டிய பக்கத்தையும் கேட்கின்றனர். ஆகவே இன்று கேட்கும் பாடத்தை இன்றே எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் சிறியதாயினும் உங்கள் கையால் ஆனதாக இருக்கட்டும்.